1815க்குப் பின்னும் சரித்திரம் உண்டு

இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியபோது, எது புராதனம், எது புராதனமன்று என்று வரையறுக்கும் பொருட்டு அது ஒரு தேதியைத் தனக்கு எல்லைக்கல்லாக நாட்டிக்கொண்டது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியத்தின் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்ட அந்த நாளுக்கு முன்னே எழுந்த கட்டடம் புராதனச் சின்னம். அதற்குப் பின்னே எழுந்தது எத்துணை ஜனங்களின் வாழ்வைத் தாங்கி நின்றதாயினும் இயல்பாக அந்தப் பெயருக்கு உரியதாகாது. அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் நல்லூருக்கும் இந்த வரையறையால் பெரிய நஷ்டம் ஏதுமில்லை. அவ்வூர்களின் நெடுங்கதையில் 1815 என்பது பிற்பகுதியில் வந்துபோகும் ஒரு வருஷம். திம்புள்ளவிலோ, இன்று அங்கே வாழும் மக்களில் பெரும்பாலாருக்கு, கதை தொடங்குவதே அந்த வருஷத்துக்குப் பின்புதான். லயமும் ஸ்டோரும், ரயில்பாதையும் மாரியம்மன் கோயிலும், காமன் பொட்டலும் கங்காணியின் கணக்குப் புத்தகமும் அந்தத் தேதிக்கு இப்பால் நிற்பவை. ஒரு பிரதேசத்தின் மனித சரித்திரம் ஏறக்குறைய முழுவதும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே கிடக்கிறது என்பதும், அதை உள்ளே கொண்டுவரும் முதற் பொறுப்பு கொழும்புக்கு அன்று, உள்ளூர்ச் சபைகளுக்கே உரியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திம்புள்ள என்று தேயிலை வியாபாரிகள் அழைப்பது ஓர் ஊரை மட்டும் அன்று. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 3,500 அடியிலிருந்து 5,500 அடி வரை விரிந்துள்ள தேயிலை நிலம் முழுவதற்கும் அவர்கள் அப்பெயரை வழங்குவர்; சில வேளை டிக்கோயாவையும் மஸ்கெலியாவையும் கூட அதிலே அடக்கிக்கொள்வர். யான் இங்கே கருதுவது அதன் நடுப்பகுதியை: கொட்டகலையையும் பத்தனைச் சந்தியையும் கடந்து தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம என்று ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரம் வரை ஏறியும், மறுபுறம் வட்டகொடை, கிரேட் வெஸ்டன், ராதல்ல வழியாக நானுஓயாவை எட்டியும் கிடக்கின்ற அந்தப் பள்ளத்தாக்கை. சமவெளியின் ஈரப் புல்தரையில் ஊறி இறங்கும் நீர் ஆக்ரா ஓயா என்ற பெயரோடு அக்கரப்பத்தனைத் தோட்டங்களைக் கடந்து வந்து, நானு ஓயாவையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு கொத்மலை ஓயாவாகி, சென்கிளேயர் பாறைப் படிகளில் அகன்று வீழ்ந்து, பின்னர் மகாவலியிற் சங்கமிக்கிறது. எதிர்ப்புறத்தில் 97 மீற்றர் இறங்கும் டெவன் நீர்வீழ்ச்சி, பக்கத்தில் கோப்பி பயிரிட்ட ஓர் ஆங்கிலேயரின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது.

இந்நிலத்தின் பஞ்சாங்கம் மழையால் எழுதப்பட்டது. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் மேற்குச் சரிவு முழுவதும் நனைந்து கிடக்கும். மலையேறும் பெண்கள் இடுப்பிலே கட்டிய படங்கும் தலையிலே மாட்டிய கூடையின் கயிறும் ஈரத்திற் கனக்க நிரை பிடித்து நிற்கும் மாதங்கள் அவை. தை பிறந்த பின் காற்றுத் திசை மாறி, பகலிலே வெயிலும் இரவிலே பனியுமாக வறண்ட குளிர் பரவும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது. அந்த மெதுவான வளர்ச்சியிலேதான் திம்புள்ளத் தேயிலைக்குரிய வாசனை திரள்கிறது. மலைத்தொடரின் மறுபுறத்து ஊவாவுக்கு இந்தப் பாக்கியம் ஆடி, ஆவணியில் கிடைக்க, நமக்கு அது பங்குனி வரையில்தான். மேற்கே மழை கொட்டும்போது கிழக்கே காற்று காய்கிறது, கிழக்கே மழை கொட்டும்போது மேற்கே காய்கிறது. ஒரே மலையின் இரண்டு கன்னங்களில் இரண்டு வேறு தேயிலைகள் விளைவதன் காரணம் இவ்வளவே. அதே தை மாதத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தாழ்வான மலைகளில் உறைபனி இறங்கி ஒரே இரவிற் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் உண்டு.

மேலே இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியைச் சிவனொளிபாத மலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து 2010ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்தது. அது மிகவும் நியாயமான காரியம். ஆயினும் காட்டின் வேலி முடிந்து தேயிலையின் முதல் நிரை தொடங்கும் இடத்தில் மரபுரிமை என்ற சொல்லும் முடிந்துபோவதைக் காண என் மனம் ஒப்பவில்லை.

இப்பள்ளத்தாக்கு கண்டி மன்னர் காலத்தில் பெரும்பாலும் அடர்ந்த காடு. கீழே கொத்மலைப் பக்கத்தில் வயலும் விகாரையுமாகப் பழைய சிங்களக் கிராமங்கள் இருந்தன. மேலே காட்டின் மீது அக்கிராமத்தாருக்கு வழக்கத்தால் வந்த பாத்தியதை இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், எழுத்தில் உரிமை காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுடைமை என்று அனுமானித்து, கோப்பி முதலாளிகளுக்கு அவற்றை விற்க வழி திறந்தது. சிங்களக் குடியானவன் இழந்ததும், தமிழகத்துக் குடியானவன் பெயர்ந்து வந்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்பதை நம் அரசியல் மேடைகள் நினைவுகூர்வது அரிது. திம்புள்ளவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும்.

கோப்பி, வருஷத்தில் ஒரு பருவத்துப் பயிர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்ட ஜனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறி, பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். வழியிலே மாண்டவர் கணக்கு மிகப் பெரிது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் அந்தப் பயிர் நசித்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை இச்சரிவுகளை ஆட்கொண்டது. தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரந்தோறும் ஆள் அதன் முன் நிற்க வேண்டும். ஆண் மட்டும் வந்து திரும்பும் ஏற்பாடு அதற்கு உதவாது. பெண்ணின் விரல் வேண்டும், பிள்ளையைத் தூங்கவைக்கப் பிள்ளைக்காம்பரா வேண்டும், வருஷம் முழுவதும் தங்க ஒரு கூரை வேண்டும். ஆகவே போக்குவரவுக் கூட்டம் குடியிருப்பானது பயிரின் சுபாவத்தால் விளைந்தது. ஆனால் அந்தக் குடியிருப்பை ஓர் ஊராக ஏற்க மறுத்தது முழுக்கவும் மனிதரின் தீர்மானம்.

1880களின் நடுப்பகுதியில் ரயில்பாதை இம்மலைகளைத் துளைத்து வந்தது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே ஜனங்கள் சிங்கமலைச் சுரங்கம் என்று சொல்லும் நெடுங்குகையைக் கடந்து, தலவாக்கலை, வட்டகொடை வழியாக 1885இல் நானுஓயாவை அது எட்டிற்று. தேயிலைப் பெட்டி கீழே இறங்கவும் அரிசி மூட்டை மேலே ஏறவும் அமைத்த பாதை அது. இன்றோ உலகத்தார் பெட்டியின் வாயிலில் நின்று படம் பிடித்துக்கொண்டு அதிலே செல்கின்றனர். அவர்கள் கண்முன்னே பச்சைச் சரிவுகளின் நடுவில் தகரக் கூரைகளாக ஓடி மறையும் நீண்ட வரிசைகள் என்னவென்று சொல்ல ஒரு பலகைகூட எந்த ஸ்டேஷனிலும் நிறுத்தத்தக்கதாக எவருக்கும் தோன்றவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

அந்த வரிசைகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கருங்கல் அத்திவாரம், அதன்மேல் நெடுஞ்சுவர், அந்தச் சுவரை இடைச்சுவர்களால் வகுத்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் காம்பராக்கள். ஒற்றை லயமாயின் ஒரு வரிசை. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகாக இரு வரிசை, பின்புறத்தில் ஜன்னலுக்கு இடமே இல்லை. முன்னே ஆளோடியாக ஓர் இஸ்தோப்பு; நாளடைவில் அதையும் பலகையால் அடைத்து அடுப்படியாகவோ மணமான மகனுக்குத் தனியிடமாகவோ ஆக்கிக்கொண்டிருப்பார்கள். கூரைக்கு அடியில் இடைச்சுவர் முழு உயரம் எட்டாத லயங்களில் ஒரு காம்பராவின் இருமலும் சண்டையும் தாலாட்டும் அடுத்த காம்பராவுக்கும் உரியவை. லயத்தின் முன்னே கான் ஓடும். கானுக்கு அப்பால் ஒரு சாண் நிலத்தில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, சாமந்தி. மேட்டு லயம், பணிய லயம் என்று ஜனங்கள் அவற்றுக்கு முகவரி சொல்வார்கள். தபால்காரனோ கடிதக் கட்டை நெடுங்காலம் தோட்டத்து ஆபீசோடு விட்டுப் போனான். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இலட்சக்கணக்கான மனிதர் பிறந்து, பூப்பெய்தி, மணந்து, மரித்த கட்டட வகை இது. இதன் அளவையும், கல்லையும், எந்தெந்த வருஷத்தில் எந்தெந்தத் தோட்டத்தில் எழுப்பப்பட்டது என்பதையும் பதிந்து வைப்பது சரித்திர வேலை அன்றென்று யார் சொல்ல முடியும்?

கட்டடத்திற்குள் அடங்காத செல்வமும் உண்டு. அதிகாலையில் பெரட்டுக்கு அழைத்த தப்பின் ஓசை. மலைக்கு இறங்குமுன் முதற் கொழுந்தை வைத்துக் கும்பிட்ட கல். தேயிலைச் ஸ்டோரில் சுழலும் பெருஞ்சக்கரத்துக்குக் காவலாக ஜனங்கள் தாமே கண்டெடுத்துக்கொண்ட ரோதைமுனி. கவ்வாத்துக் கத்தி கையைப் பதம் பார்த்துவிடாதிருக்க வேண்டிக்கொள்ளும் கவ்வாத்துச் சாமி. தஞ்சையிலும் மதுரையிலும் இல்லாத தெய்வங்கள் இவை. ஊரிலிருந்து மாரியம்மனையும் முனியாண்டியையும் நெஞ்சிலே சுமந்து வந்த ஜனங்கள், இயந்திரத்தையும் கத்தியையும் எதிர்கொண்ட இடத்தில் புதிய காவலரைப் படைத்துக்கொண்டனர். சமய சரித்திரம் பயில்வோர்க்கு இதைவிட அருமையான சாட்சியம் எங்கே கிடைக்கும்?

காமன் கூத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாசி மாதத்து அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனுமாக வேடம் கட்டுவோர் காப்புக் கட்டி விரதம் பூண்டு, இரவு தோறும் ஆட்டமும் பாட்டுமாக வளர்ந்து, பௌர்ணமியில் காமதகனத்தோடு முடிகின்ற அந்தக் கூத்தில், ஒரு தோட்டமே நடிகராகவும் சபையாகவும் இருக்கும். பகலெல்லாம் முள்ளுக் குத்திய இளைஞன் இரவிலே தேவனாகிறான். வாத்தியார் என்று எல்லோரும் மரியாதையோடு அழைக்கும் முதியவர் ஏடு பாராமல் விடியும்வரை பாட்டை நடத்துகிறார். தமிழகத்திலேயே பல ஊர்களில் அருகிவிட்ட இக்கலை இங்கே ஜீவனோடிருக்கிறது. எந்தத் தோட்டத்தில் எத்தனை தலைமுறையாக ஆடப்படுகிறது, எந்த வாத்தியார் யாரிடம் கற்றார் என்ற பரம்பரை வரிசை வாய்வழியாக மட்டுமே உள்ளது; வாத்தியார் ஒருவர் கண்மூடினால் அந்த வரிசையின் ஒரு கண்ணி அவரோடு போகிறது.

ஏடுகள் எழுதப்படாமல் இருந்தன என்று சொல்வதற்கில்லை. பெர்குசனின் இலங்கை வழிகாட்டி நூல்கள் தோட்டம் தோட்டமாகப் பெயரையும், உரிமையாளரையும், ஏக்கரையும், துரையின் பெயரையும் பட்டியலிட்டன. 1890களில் லோறி என்ற நீதிபதி எழுதிய மத்திய மாகாண அகராதி, கண்டியக் கிராமங்களையும் விகாரைகளையும் பழைய குடும்பங்களையும் பெருமுயற்சியோடு தொகுத்தது. முதலது முதலாளிக்காக எழுதப்பட்டது. இரண்டாவதன் நாட்டம் பெரும்பாலும் பழைய இராச்சியத்தின் மீது. இரண்டுக்கும் நடுவே லயத்திலிருந்த மனிதர் விடுபட்டுப் போயினர். மலைக்கு அப்பால் பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில், 1879இல் மறைந்த ஜூலியா மார்கரட் கமரூன் என்ற புகழ்பெற்ற நிழற்பட மாதின் சமாதியைத் தேடி அயல்நாட்டார் வருகின்றனர். வரட்டும், அது போற்றத்தக்க கல்லறைதான். அதே பள்ளத்தாக்கில் தேயிலையின் அடியிற் புதைக்கப்பட்டவர்க்கு நடுகல்லும் இல்லை, பெயரேடும் இல்லை.

தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை எண்ணும்போது எனக்குப் பெருமையும் ஆதங்கமும் ஒருங்கே எழுகின்றன. 1925இல் தோன்றிய அந்த ஸ்தாபனம், மண்ணையும் மழையையும் பூச்சியையும் செடியையும் ஆராய்ந்து குறித்துவைத்த சிரத்தை உலகப் பிரசித்தம். டீ. ஆர். ஐ. 2023, 2025, 2026 என்று இலக்கமிட்டு அது வெளியிட்ட செடிவகைகள் மலைநாடெங்கும் பரவின. அவை எந்தத் தாய்ச்செடியின் வழி வந்தவை என்பது ஏட்டில் உண்டு. செடியின் வம்சாவளி எழுதப்பட்டிருக்கும் அதே பள்ளத்தாக்கில், அச்செடியைப் பிடுங்கி நட்டவர், மட்டக்கம்பு வைத்துச் சீராகக் கொய்தவர், கவ்வாத்து வெட்டியவர் ஆகியோரின் வம்சாவளியும் எழுதப்படலாகாதா?

உள்ளூராட்சியின் கதை இதனினும் கசப்பானது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளின் வாக்குரிமை விரிவடைந்தபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளர் வெளியே நிறுத்தப்பட்டனர். 1947ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் தலவாக்கலை சி. வி. வேலுப்பிள்ளையையும், கொட்டகலை கே. குமாரவேலுவையும், நுவரெலியா சௌமியமூர்த்தி தொண்டமானையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அன்று வென்றது ஏழு ஆசனங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை. வாக்கில்லாத ஜனங்களுக்குச் சபை ஏது, தெரு ஏது, நூலகம் ஏது? பிரஜாவுரிமை படிப்படியாகத் திரும்பிய பின்னரும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்தின் எல்லையைக் காட்டிச் சபையின் கையைக் கட்டிவைத்தது. வரி கொடுப்பவனும் வாக்களிப்பவனும் லயத்திலிருக்க, அந்த லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லை இடுவதற்குக்கூடச் சபை தயங்கி நின்றது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே வருஷம் பெப்ரவரியில், பழைய நுவரெலியாப் பிரதேச சபையின் பெரும்பரப்பைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பிரதேச சபைகளுக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. தலவாக்கலை-லிந்துலை நகர சபை முன்னரே உண்டு. இன்று திம்புள்ளவுக்கு எல்லை வகுத்த சபைகள் உள்ளன. தோட்டத்துக்குள் காலடி வைக்கும் அதிகாரமும் உண்டு. கையிலே வந்த அதிகாரத்தைக் குழாய்க்கும் கொங்கிரீட்டுக்கும் மட்டுமே உரியதாக எண்ணிவிடலாகாது என்பதே என் விண்ணப்பம்.

இங்கே அயல்நாட்டு உதாரணம் ஒன்று கூறத் தகும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் சர்வகலாசாலையில் சமூகவியல் ஆசிரியராயிருந்த திமித்ரி குஸ்தி, 1925 முதலாகத் தம் மாணாக்கரைக் கோடை விடுமுறைதோறும் ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். மன்னர் பிறந்த ஊரா, போர் நடந்த களமா என்று அவர் தேடவில்லை. உழவரும் இடையரும் வாழும் சாதாரணக் கிராமமே அவருக்கு வேண்டியிருந்தது. வைத்தியர் ஒருவர் உணவையும் நோயையும் ஆராய, ஒருவர் நிலத்தை அளக்க, ஒருவர் குடும்பத்தின் வரவு செலவைக் கேட்டு எழுத, கொன்ஸ்தாந்தின் பிரைலோயு என்ற சங்கீத வித்துவான் மெழுகு உருளைகளில் கிழவிகளின் பாட்டைப் பதிந்தார். 1929இல் அவர்கள் போய்த் தங்கிய திராகுஷ் என்ற மலையடிவாரக் கிராமம், சமூகவியல் பயிலும் எவரும் அறிந்த பெயராயிற்று. 1936இல் புக்கரெஸ்ட் நகரில், பல மாகாணங்களினின்றும் உண்மையான குடியானவர் வீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து மீண்டும் பூட்டிக் கிராம அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். அந்நாட்டின் கிராமச் சபைகள் தங்கள் ஊரின் நிலம், சரித்திரம், மரக் கோயில், மயானம் முதலியவற்றை நூலாக எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அந்த உழைப்பு பெரியதோர் உரம். திராகுஷுக்கு இருக்கும் யோக்கியதை டயகமவுக்கு எந்த விதத்திற் குறைந்தது?

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் வார்த்தைகளில் ஒன்று கனமானது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். லயம் அவமானத்தின் சின்னம். அதை இடித்துத் தள்ளி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணியில் வீடு கொடுப்பதன்றோ தேவை, அதைப் போய்ப் போற்றுவதா என்று இளைஞர் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயம். ஏழு பேர்ச் காணியும் உறுதிப் பத்திரமும் தனி வீடும் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. எந்த மரபுரிமையின் பெயராலும் ஒரு குடும்பத்தையேனும் பழைய காம்பராவில் தங்கச் சொல்வது பாவம். ஆனால் எல்லாக் குடும்பங்களும் வெளியேறிய பின், பள்ளத்தாக்குக்கு ஒரு லயத்தை, அதன் கானோடும் இஸ்தோப்போடும், அப்படியே நிறுத்தி வைப்பதால் எவருக்கும் நஷ்டமில்லை. துரைமாரின் பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகப் பளபளப்போடு பேணப்படுகின்றன. நூறாண்டு கழித்து வருபவன் பங்களாவை மட்டும் கண்டால், இம்மலையில் துரைமார் மட்டுமே வாழ்ந்தனர் என்று எண்ணுவான். அநீதியின் சாட்சியத்தை அழித்துவிட்டால், அநீதி இழைத்தவனுக்கே அது உபகாரமாகும். கண்டிக்கு அருகே ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. கம்பளைப் பக்கத்தில் தொழிலாளர் வாழ்வுக்கென ஒரு சிறு அருங்காட்சியகத்தைப் பழைய லயக் காம்பராவிலே சமூக ஸ்தாபனம் ஒன்று அமைத்திருக்கிறது. அவ்விரண்டாவது முயற்சி திம்புள்ளவிலும் வேண்டும். அது சபையின் பெயரால் நடக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் நம் கண்முன்னே நிகழ்ந்தவையே விரைவாக மங்குகின்றன. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பங்கிட முனைந்தபோது எழுந்த எதிர்ப்பில், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்தக் காணி காப்பாற்றப்பட்டது. டெவன் நீர்வீழ்ச்சியை நின்று பார்க்கும் பிரயாணிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 150 மெகாவாட் மின்சாரத்தைத் தருகிறது. அதற்காகத் தலவாக்கலையின் ஆற்றோரப் பகுதிகள் நீர்த்தேக்கத்துக்குள் போயின, லயத்துக் குடும்பங்கள் புதிய வீடுகளுக்குப் பெயர்ந்தன. சென்கிளேயர் அருவி வற்றிவிடுமே என்று அறிஞரும் பொதுமக்களும் கிளர்ந்தெழுந்து வாதாடினர்; அது நல்ல காரியமே. நீரில் மூழ்கிய கடைவீதியைப் பற்றி அவ்வாறு வாதாடியவர் மிகச் சிலர். அந்த வீதியில் கடை வைத்திருந்தவர், துணி தைத்தவர், சம்பளத் தினத்தன்று அங்கே சாமான் வாங்கியவர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை இப்போது கேட்டால் கடைக்குக் கடை வரிசையாகச் சொல்வார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது, அதிகச் செலவில்லாத காரியம். மூன்று சபைகளும் கூடி ஓர் ஊர்ப் பதிவேட்டைத் தொடங்கட்டும். தோட்டந்தோறும் பழைய லயங்கள், ஸ்டோர், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை, மயானம், காமன் பொட்டல், பாலம், அருவி, பள்ளிக்கூடம் என்று ஒன்றுவிடாமல் அளந்து, படம் பிடித்து, பக்கத்திலிருக்கும் முதியவர் சொல்லும் செய்தியோடு எழுதி வைக்கட்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறும் நூற்றுக்கணக்கான இளைஞரும் யுவதிகளும் இவ்வேலைக்கு இயல்பாகவே உரியவர்; அவர்களில் அநேகர் லயத்திற் பிறந்தவர், பாட்டனிடம் கேட்கும் உரிமை உடையவர். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறியபோது தப்பிய செக்றோல்களும் பிறப்பிறப்புக் குறிப்புகளும் எங்கேனும் ஒரு அலுமாரியில் இருப்பின், கம்பனிகள் அவற்றின் பிரதியைச் சபைக்கு அளிக்க வேண்டும். பாட்டு வேறாகவும் கூத்து வேறாகவும் பதியப்படட்டும். மடக்கொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தனியொருவராகத் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டினார் என்றால், மூன்று சபைகளால் ஆகாதா?

பதிவேடு இம்மலையோடு நின்றுவிடவும் கூடாது. 1964ஆம் வருஷத்துச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பல கூடலூரிலும் கோத்தகிரியிலும், நீலகிரித் தேயிலையின் நடுவே வாழ்கின்றன. அவர்களுக்காகவே தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. லிந்துலையின் பழைய கதையில் ஒரு பாதி அங்கேயுள்ள கிழவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களுக்குக் கடிதம் எழுதுவதற்குத் தலைநகரின் அனுமதி வேண்டியதில்லை.

பதிவேடு முடிந்த பின் சட்டத்தின் வாயிலைத் தட்டலாம். 1815க்குப் பிற்பட்ட சின்னமாயினும், காக்கத்தக்கது என்று கண்டால் அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியிற் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை அதே கட்டளைச் சட்டம் அமைச்சருக்கு வழங்கியிருக்கிறது. கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கிலேயர் காலத்து மாளிகைகள் இவ்வழியே காவல் பெற்றிருக்கின்றன. லயமொன்று இதுகாறும் அந்தப் பட்டியலை நாடிப் போனதாகப் பேச்சில்லை, போக வேண்டும். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே 2023இல் நெடும்பயணம் நடந்து இருநூறாண்டை நினைவுகூர்ந்த ஜனங்களுக்கு, ஒரு விண்ணப்பத்தை எழுதி அதன் பின்னே நிற்பது பெரிய காரியமன்று. வரவு செலவுத் திட்டம் சபைகளின் முன்னே வருவது வருஷக் கடைசியில். கொட்டகலை, அக்கரப்பத்தனை, தலவாக்கலை-லிந்துலைச் சபைகளின் உறுப்பினர் இவ்வருஷத் திட்டத்தில் ஊர்ப் பதிவேடு என்ற தலைப்பிட்டு ஒரு தொகையை, சிறியதாயினும், ஒதுக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படும் முதற் பிரதி தலவாக்கலை நூலகத்தில், லயத்திலிருந்து வரும் எவரும் கேட்டு வாங்கிப் புரட்டும் மேசையில் இருக்கட்டும்.